பார்த்தால்தான் நம்புவார்

அந்த அக்காவிடம் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. மழை வருகிறது என்றால் எழுந்து வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பார். கேஸ் தீர்ந்துவிட்டது என்றால் சிலிண்டரை ஒருமுறை தூக்கி ஆட்டிப் பார்ப்பார். சொன்னவர் பொய் சொல்கிறார் என்று அவர் நினைத்ததில்லை. "நீ பாத்தியா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்பார். வீட்டில் அம்மாவிடம் தெலுங்கில் "நுவ்வு சூஸ்திவா?" பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் கன்னடத்தில் "நீவு நோடிதிரா?" எங்களிடம் தமிழில். மூன்று மொழியிலும் கேள்வி ஒன்றுதான், குரலும் ஒன்றுதான்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிட்டு, "இதுல பாதி நீ பாக்காதது" என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். மீட்டர்களுக்குள் போகிற பொடிப்பொடிப் பித்தளை உதிரிகள் செய்கிற கம்பெனி. எங்களுடையது இன்ஸ்பெக்‌ஷன். ஒவ்வொரு பீஸாக மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து, பிசிறு இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. விருதுநகர் பக்கமிருந்து வேலைக்கு வந்தவள். அவருக்கு முப்பதுக்குள் இருக்கும். இந்த ஊர்க்காரர். மத்திகிரியில் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். வரிசையாக ஆறு வீடுகள், வாசலில் பொதுக் குழாய், மொட்டை மாடியில் எல்லோருக்குமாக ஒரு தண்ணீர்த் தொட்டி.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு ட்ரேயை அவர் முன்னால் வைத்து, "இது ஓகேக்கா" என்றேன்.

"நீ பாத்தியா?"

"பக்கத்து டேபிள்ல பாத்துட்டதாச் சொன்னாங்க."

ட்ரேயைச் சாய்த்து அத்தனையையும் மறுபடி என் மேஜையில் கொட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பாட்டு வேளையில் தன் டப்பாவிலிருந்து ராகிக் களி உருண்டையில் பாதியை என் தட்டில் வைத்து, "கோவமா? சாப்புட்டுட்டுக் கோவப்படு" என்றார். அதற்கு மேல் சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

ஒரு மழைக்காலத்தில், கெலவரப்பள்ளி அணையில் மதகு எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள், ஆற்றோரம் இருக்கிற வீடெல்லாம் போகப்போகிறது என்று எங்கள் தெருவில் பேச்சு கிளம்பியது. நாங்கள் இருந்த இடத்துக்கும் ஆற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஆளாளுக்கு மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அக்கா குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். மூன்று மணி நேரம் கழித்துச் சேற்றுக் காலோடு வந்து நின்றார். "ரெண்டு மதகுதான் தொறந்திருக்கு. நான் பாத்துகினு வந்துட்டேன். போயி அடுப்பப் பத்த வைங்க" என்றார். எல்லோரும் மூட்டையைப் பிரித்தார்கள்.

இன்னொரு முறை, கடைசி வீட்டில் இருந்த ஒரு பெண்ணைப் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு பையனோடு பார்த்ததாகக் குழாயடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாகக் கேட்டார். நீ பாத்தியா. நீ. நீ. யாரும் பார்த்திருக்கவில்லை. "அப்ப யாருதான் பாத்தது?" என்றார். ஒவ்வொருத்தியாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு இந்தச் சம்பவம் இன்றுவரை தெரியாது.

இதனால் அவரைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். டெலிவரி நாளன்று சந்தேகம் வந்தால் ஒரு லாட் சரக்கு முழுவதையும் நிறுத்திவைத்துவிடுவார். சூப்பர்வைசர் வேலை அவரைத் தாண்டி வேறு ஆளுக்குப் போனது அதனால்தான். ஒருமுறை அப்படி நிறுத்தியதில் அவரே தவறிவிட்டார். எல்லாப் பீஸிலும் ஒரே மாதிரிக் கீறல் தெரிகிறது என்று ரிஜெக்ட் செய்தார். மதியத்துக்கு மேல் என் மைக்ரோஸ்கோப்பில் அவர் வைத்துப் பார்த்தபோது கீறல் இல்லை. கீறல் இருந்தது அவருடைய லென்ஸில். யாரும் கண்டுபிடிப்பதற்கு முன் அவரே மேனேஜர் அறைக்கு நடந்துபோனார். "பீஸ் நல்லா இருக்குது சார். நான்தான் லென்ஸ மாத்திப் பாக்காம விட்டுட்டேன்" என்றார்.

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டுதான் நான் என் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தடிமனான மூக்குக் கண்ணாடி. மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால் அது இடிக்கும். கழற்றினால் பிசிறும் தெரியாது, பீஸும் தெரியாது. பெங்களூரில் ஒரு கடையில் கான்டாக்ட் லென்ஸ் வாங்கினேன். கடைக்காரர் ஒரு பாட்டில் மருந்துத் தண்ணீரையும் கொடுத்து, தினமும் இதில்தான் கழுவ வேண்டும், இதில்தான் ஊறவைக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். அக்கா முதல் நாள் காலையில் என் முன்னால் உட்கார்ந்து, நான் அதைக் கண்ணில் வைப்பதை இமைக்காமல் பார்த்தார். "வலிக்கலியா?" என்றார். இல்லை என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

சில மாதங்களில் பாட்டில் தீர்ந்தது. அடுத்த வாரம் பெங்களூர் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் ஓவர்டைம் வந்தது. அதற்கு அடுத்த வாரமும் வந்தது. அதுவரை லென்ஸ் டப்பியைக் குழாயில் கழுவி, குழாய்த் தண்ணீரிலேயே லென்ஸைப் போட்டு வைத்தேன். குடிக்கிற தண்ணீர்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை வலது கண் சிவந்தது. வழக்கமாகக் காய்ச்சலுக்குப் போகிற டாக்டர் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து கொடுத்தார். நான்கு நாளில் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. ஓசூரிலேயே ஒரு கண் டாக்டரிடம் போனேன். கருவிழியில் வைரஸ் புண் என்று களிம்பு கொடுத்தார். லென்ஸைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பத்து நாள் களிம்பு போட்டும் தீராததால் எரிச்சல் அடங்க வேறொரு சொட்டு மருந்து எழுதினார். இரண்டு நாள் சுகமாக இருந்தது. மூன்றாம் நாள் வந்த வலியை என்னால் இப்போதும் சரியாகச் சொல்ல முடியாது. கண்ணுக்குள் யாரோ கம்பியை விட்டுத் திருகுவதுபோல் இருந்தது. பல்லிலும் வலித்தது, மண்டையிலும் வலித்தது. சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, சுவரைப் பார்த்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அக்கா அந்த இருட்டில் என் எதிரே உட்கார்ந்தார்.

"கண்ணுல என்னா இருக்குதுன்னு யாராச்சும் பாத்தாங்களா?"

"லைட் அடிச்சுப் பாத்தாரும்மா... அக்கா." வலியில் யாரை எப்படிக் கூப்பிடுகிறேன் என்றே தெரியவில்லை.

"அது மேலாப்புல பாக்கறது. உள்ளருந்து எடுத்து மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாத்தாங்களான்னு கேக்கறேன்."

"கண்ணுல இருந்து எப்படிக்கா எடுப்பாங்க?"

"எனக்கும் தெரியாது. கேப்போம்."

மறுநாள் காலையில் லீவு போட்டுவிட்டு என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் முதலில் முகம் சுளித்தார். "மருந்து எழுதினது நான்தானே, என்ன நோய்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "தெரியும் சார். ஆனா வலி கொறையணும் இல்லீங்களா? இவ வலி தாங்கறவ. மிஷின்ல வெரல் மாட்டினப்பக்கூட அழல. இப்ப அழுவறா. அதான் ஒரு தடவ எடுத்துப் பாக்க முடியுமான்னு கேக்கறேன்."

டாக்டர் என்னை மறுபடி உட்காரவைத்து விளக்கின் முன் நெடுநேரம் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி, "நடுவுல வளையம் மாதிரி ஒண்ணு கட்டுது. போன தடவ இது இல்ல. சொரண்டி எடுத்துப் பாக்கற வசதி இங்க இல்லம்மா" என்றார். பெங்களூரில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். "இன்னிக்கே போயிருங்க" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. மறுபடி பார்க்கச் சொன்னபோது பார்த்தார்.

பஸ்ஸில் அக்கா என்னைச் சன்னலோரம் உட்காரவிடாமல் தன் நிழலில் உட்காரவைத்துக்கொண்டார். அத்திப்பள்ளி தாண்டியதா என்று நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குத் தமிழ் வந்தது. கண்ணைப் பார்த்ததும், "லென்ஸ் போடுவியா?" என்றார். ஆமாம் என்றேன்.

"எதுல ஊறவைப்ப?"

"அதுக்குன்னு இருக்கிற மருந்துத் தண்ணியில."

"எப்பவுமேவா?"

"எப்பவும்."

அக்கா என் தோள்மேல் வைத்திருந்த கையை எடுக்காமலே சொன்னார். "இல்ல டாக்டர். கண்ணு செவக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் கொழாத் தண்ணியிலதான் போட்டா. பல்லு வெளக்கறப்ப நான் பாத்தேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். என்னைத் திட்டவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருக்கணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

மரத்துப்போக மருந்து விட்டு, கருவிழியின் மேல் லேசாகச் சுரண்டி எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு கண்ணில் கட்டு இருந்தது, இன்னொரு கண்ணை நானே மூடிக்கொண்டேன்.

"நீங்க அதச் சொல்லியிருக்க வேண்டாம்க்கா."

"சொல்லாம இருந்தா?"

நான் கட்டின் ஓரத்தை விரலால் நீவினேன்.

"தண்ணியில போடறது தப்புன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே புடுங்கி எறிஞ்சிருப்பேன். பாத்தேன், அவ்ளோதான். அவங்க கேட்டாங்க, சொன்னேன்." பிறகு, "நீ ஏன் மறைச்ச?" என்றார்.

"வெட்கமா இருந்துச்சு."

"சரி" என்றார். அந்தப் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை.

முடிவு வருவதற்குள் அக்கா எழுந்து லேப் பக்கம் போய்விட்டார். உள்ளே நடந்ததை லேப் மேடமே பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "மேடம், நானும் மைக்ரோஸ்கோப்லதான் வேல பாக்கறேன். ஒரு தடவ பாக்கலாமா?" என்று அக்கா வாசலில் நின்று கேட்டாராம். கேட்ட விதத்தில் மறுக்கத் தோன்றவில்லையாம். குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு, "உள்ள நட்சத்திரம் மாதிரி கோணலா ஒண்ணு இருக்குது. வெளிய சுருங்கின மாதிரி இன்னொரு கோடு. ரெண்டு சுவரு. இதுங்களா?" என்றாராம்.

"அதேதான்" என்று லேப் மேடம் சொல்லியிருக்கிறார். அமீபா. தண்ணீரிலும் மண்ணிலும் தன்பாட்டுக்கு வாழ்கிற ஓர் உயிர். அதற்கு மனிதரே தேவையில்லை. லென்ஸோடு சேர்ந்து கண்ணுக்குள் வந்துவிட்டால் அங்கேயே தங்கித் தின்னத் தொடங்கும். மருந்து பட்டால் இரண்டு சுவர் கட்டிக்கொண்டு உள்ளே பதுங்கிக்கொள்ளும். அதனால்தான் சீக்கிரத்தில் சாகாது.

அக்கா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாத்துட்டேன். இருக்குது" என்றார்.

மூன்று வாரமாக என்னைத் தின்றுகொண்டிருந்த ஒன்றுக்கு உருவம் இருந்தது, பெயர் இருந்தது, அதற்கென்று மருந்தும் இருந்தது. நோய் இருக்கிறது என்று கேட்டு நான் நிம்மதியாக மூச்சுவிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மருந்து கடையில் கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரியிலேயே கலந்து கொடுத்தார்கள். முதல் சில நாட்கள் அங்கேயே படுக்கவைத்து மணிக்கு ஒருமுறை விட்டார்கள். பிறகு வீட்டிலும், விழித்திருக்கிற நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை விட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். எங்கள் லைனில் பிரிட்ஜ் இருந்தது மளிகைக் கடை வைத்திருந்த ஜமீலா அக்கா வீட்டில் மட்டும்தான். கடைக்குப் போகிற பால் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் என் பாட்டில் உட்கார்ந்திருந்தது. அக்கா ஷிப்டில் இருக்கிற நேரம் ஜமீலா அக்கா விடுவார். அவர் தொழுகைக்கு நேரமானால் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து விட்டுவிட்டுப் போவார். ஊரிலிருந்து வந்த என் அம்மா இரண்டு வாரம் இருந்தாள். கிளம்பும்போது, "நான் இங்க இருந்து இதுக்கு மேல என்னத்தச் செய்யப் போறேன், இவங்கதான் எல்லாம் பாத்துக்கிடுதாங்களே" என்று அழுதாள்.

அதற்கிடையில் அக்கா மொட்டை மாடி ஏறி, எங்கள் குழாய்க்குத் தண்ணீர் வருகிற தொட்டியைப் பார்த்தார். மூடி உடைந்து உள்ளே விழுந்திருந்தது. சுவரெல்லாம் பாசி. புறா இறகு மிதந்தது. வீட்டுக்காரரை வரவழைத்தார்.

"க்ளீன் பண்ணணும்னு சொன்னாப் போதும்மா, ஆள அனுப்பறேன்" என்றார் அவர்.

"சொன்னாப் போதாதுங்க. ஏறிப் பாருங்க."

பெரிய உடம்புக்காரர். இரும்பு ஏணியில் மூச்சு வாங்க ஏறிப் பார்த்தார். இறங்கியவர் அன்றே ஆள் அனுப்பினார். இதை டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னபோது, "நல்லதுதான். ஆனா தொட்டி பளபளன்னு இருந்தாலும் அதுல இது இருக்கலாம். லென்ஸ் பக்கத்துல தண்ணியே போகக்கூடாது" என்றார். அக்கா அதைக் கேட்டு முகம் வாடிப்போனார். தெரு முழுக்க அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். கம்பெனியில் லென்ஸ் போடுகிற இன்னும் இரண்டு பெண்களின் டப்பிகளைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார்.

மாதங்கள் போயின. சில வாரம் கண் தெளியும். சில வாரம் மறுபடி சிவக்கும். ஒரு கட்டத்தில் கருவிழியையே மாற்ற வேண்டி வரலாம் என்றார்கள். அன்று வீடு திரும்பும் வழியில் நான் அழுதேன். அக்கா, "வரலாம்னுதானே சொன்னாங்க" என்றார். அவர் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. இந்த மனுஷிக்குப் பயம் என்பதே கிடையாதா என்று அன்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

ஆறாம் மாதக் கடைசியில் டாக்டரம்மா விளக்கின் முன் என்னை வலப்பக்கம் இடப்பக்கம் என்று திருப்பிப் பார்த்தார். சுவரில் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி இரண்டு வரி தவிர எல்லாம் படித்தேன். "ஓரத்துல சின்னத் தழும்பு இருக்கு. அது இருக்கும். கிருமி போயிடுச்சு. ஆபரேஷன் வேண்டாம். மருந்த இன்னியோட நிறுத்திடலாம்" என்றார்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "சரிங்க டாக்டர்" என்று எழுந்தவர், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வராந்தாவில் கொஞ்சதூரம் நடந்து, பிறகு நின்று சரியாகப் போட்டுக்கொண்டார்.

ஓசூரில் இறங்கிக் கெலமங்கலம் போகிற பஸ்ஸில் ஏறினோம். மத்திகிரிக்கு அதில்தான் போவோம். உட்கார இடம் கிடைத்தது. பஸ் கிளம்பி மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் அக்காவின் தலை என் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆறு மாதத்தில் எத்தனையோ பஸ்ஸில் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறோம். அவர் கண் மூடி நான் பார்த்ததில்லை. மத்திகிரி வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்தார். நான் சத்தமில்லாமல் உதட்டசைவில் கெலமங்கலம் என்று சொல்லி, இரண்டு டிக்கெட் என்று விரலால் காட்டினேன்.

கெலமங்கலத்தில் எல்லோரும் இறங்கிய சத்தத்தில் விழித்தார்.

"எங்க வந்துட்டோம்?"

"கெலமங்கலம்க்கா."

"எழுப்பக் கூடாதா?"

"நல்லாத் தூங்கினீங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். மிளகாய் பஜ்ஜி சுடச்சுட வந்தது. இரண்டாவது பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே அக்கா சொன்னார். "கண்ணு மாத்தணும்னு சொன்னாங்களே, அன்னிலருந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்ல பாப்பா. கண்ண மூடினா அந்த நட்சத்திரம்தான் தெரியும்."

"சொல்லவே இல்லியேக்கா."

"ஒனக்கு ஒருத்தி பயப்படாம இருக்கணும் இல்ல?"

இன்னொரு தட்டு பஜ்ஜி சொன்னேன். ஓசூர் போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "மத்திகிரி, ஓசூர்" என்று கூவினார். பழக்க தோஷத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்தேன். அடுத்த சொட்டு மருந்து எத்தனை மணிக்கு என்று கணக்குப் போடத் தொடங்கியிருந்தேன்.

அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "போவட்டும். அடுத்த பஸ்ல போலாம்."

பஸ் போனது. இன்னும் இரண்டு டீ சொன்னோம்.